கொரியச் சபை யார் வீட்டு அரிசியில் வளர்ந்தது?

பிப்ரவரி 18, 2024, இரவு 10.50

அண்ணாச்சி ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "ஆசியாவில் கிறிஸ்தவம் வளர்ந்த இடமெல்லாம் வெள்ளைக்காரன் பணமும் பால்பவுடரும் போன இடம். பணம் நின்றால் சபையும் நின்றுபோகும்." இது சரியா? நான் இல்லை என்கிறேன். கொரியாவை வைத்துச் சொல்கிறேன்.

தென்கொரியாவில் உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் ஆறு வருடமாக வேலை. சொந்த ஊர் தேரிக்காட்டுப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். இங்கே நான் மாடியில் இருக்கிறேன், கீழே வீட்டுக்கார அம்மா. எழுபது தாண்டியவர். சபையில் அவர் ஒரு 'குவன்சா'. மூத்த பெண்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு அது, எல்லோரும் மரியாதையாகக் 'குவன்சானிம்' என்று கூப்பிடுவார்கள். வந்த முதல் மாதம் வாடகை கொடுக்கப் போனபோது அவர் அரிசி அளந்துகொண்டிருந்தார். குக்கருக்குப் போட்டது போக, ஒரு துணிப்பைக்குள் கரண்டி கரண்டியாகப் போட்டார். ஐந்து கரண்டி. இது என்ன என்று கேட்டேன். 'சொங்மி' என்றார். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கரண்டி, சபைக்கு. வீட்டில் அவர் ஒருவர்தான். கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் மூன்று பேரும் வெளியூரில். கரண்டி மட்டும் ஐந்திலிருந்து குறையவில்லை.

எனக்கு அங்கேயே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை மண்கலயத்தில் போடுவாள். சனிக்கிழமை ஆலயப் பணியாளர் கோயில்பிள்ளை வந்து வாங்கிப் போவார். பிடியரிசி. கடல் தாண்டி இங்கே வந்து அதே பிடியரிசியைப் பார்க்கிறேன்.

அதிலிருந்துதான் இந்தச் சபையின் கதையைத் தேட ஆரம்பித்தேன். 1884 ஈஸ்டர் அன்று அமெரிக்காவிலிருந்து அண்டர்வுட், அப்பென்செல்லர் என்று இரண்டு இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். அடுத்து 1890இல் நெவியஸ் என்ற அமெரிக்க மிஷனரி ஒரு வழிமுறை போட்டார். ஆலயம் வேண்டுமென்றால் நீங்களே கட்டுங்கள், ஊழியருக்குச் சம்பளம் நீங்களே கொடுங்கள், பக்கத்து ஊருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். மிஷன் பணத்தில் உபதேசியாரை வைக்காதீர்கள். இங்கே இருந்த மிஷனரிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாதபோது வேத வகுப்பு நடக்கும். விவசாயிகள் ஒரு வாரம், பத்து நாள் தங்க வேண்டிய அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு, பனியில் நாள்கணக்காக நடந்து வருவார்கள். பணம் இல்லாதவர்கள் நாளைக் காணிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள். "இந்த வருடம் இத்தனை நாள் என் சொந்தச் செலவில் ஊர் ஊராகப் போய்ச் சொல்வேன்" என்று சீட்டு எழுதிப் போடுவது. 1910 வாக்கில் நடந்த இயக்கத்தில் அப்படிச் சேர்ந்த நாட்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பால்பவுடர் எங்கே வருகிறது இதில்?

பிப்ரவரி 18, இரவு 11.35

திருத்தம் 1: அது 1885. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, இஞ்சியோன் துறைமுகம். 1884இல் வந்தவர் ஆலன் என்ற மருத்துவர். தூக்கக் கலக்கம்.

திருத்தம் 2: நெவியஸ் கொரியாவில் ஊழியம் செய்தவர் இல்லை. சீனாவில் ஷாண்டோங்கில் இருந்தவர். இங்கே வந்து இரண்டு வாரம் பேசிவிட்டுப் போனார். அவர் இருந்த சீனாவில் அந்த வழிமுறை அவ்வளவாக எடுபடவில்லை. விருந்தாளியாக வந்து சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 19, மதியம்

ஆலன் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறேன் என்பீர்கள். 1884 டிசம்பரில் அரண்மனைக் கலவரத்தில் ராணியின் உறவினர் ஒருவருக்கு வாள்வெட்டு. உள்ளூர் வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் ஆலன் தையல் போட்டுப் பிழைக்க வைத்தார். ராஜா மகிழ்ந்துபோய் அடுத்த வருடம் ஒரு மருத்துவமனையே வைத்துக் கொடுத்தார். அது பின்னால் செவரன்ஸ் மருத்துவமனை ஆனது. செவரன்ஸ் என்பது ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் சம்பாதித்த அமெரிக்கப் பணக்காரரின் பெயர். கட்டடம் 1904இல் அவர் பணத்தில் எழும்பியது. 1886இல் மேரி ஸ்க்ராண்டன் அம்மாள் ஒரே ஒரு மாணவியோடு ஆரம்பித்த பெண்கள் பள்ளி இன்று ஈஹ்வா பல்கலைக்கழகம். இதெல்லாம் பிடியரிசியில் நடக்கவில்லை. டாலர்தான்.

ஆக, ஆலயமும் ஊழியர் சம்பளமும் உள்ளூர் அரிசி. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் டாலர். நேற்று நான் பாதியைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 19, இரவு

இன்னும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பால்பவுடரும் வந்தது. 1950–53 போருக்குப் பிறகு. கோதுமை மாவு, பால்பவுடர், பழைய துணி என்று அமெரிக்க நிவாரணமெல்லாம் சபைகள் வழியாகத்தான் ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கொரிய மொழியிலேயே 'மில்கரு சின்ஜா' என்று ஒரு கேலிப்பேச்சு உண்டு. மாவு விசுவாசி. குவன்சானிம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்துவிட்டு, "நாங்கள் மாவு வாங்கினோம். மாவு நின்ற பிறகும் போனோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள். அவர்கள் மாவு நின்றதும் நின்றுவிட்டார்கள்" என்றார்.

வேர்ல்ட் விஷன் தெரியும்தானே, நம் ஊர்ப்பக்கமும் அதன் போர்டுகள் உண்டு. 1950இல் அது தொடங்கியதே கொரிய அனாதைப் பிள்ளைகளுக்காகத்தான். கம்பேஷன் 1952, அதுவும் அப்படியே. இன்று அதே அமைப்புகளுக்குக் கொரியர்கள் மாதாமாதம் பணம் கட்டி வேறு நாட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் எத்தியோப்பியப் பையன் ஒருவனின் போட்டோவை மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி, உங்களுக்கு அரை மார்க் தருகிறேன்.

பிப்ரவரி 21

இதைப் படித்தவர்களில் மூன்று பேர் பிடியரிசி பற்றி மூன்று திசையில் இழுத்துவிட்டார்கள்.

ஒருவர்: கேரளத்தில் சாவறா குரியாக்கோஸ் அச்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே பிடியரி சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். உண்மை. இன்னொருவர்: காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் நடத்தினார். அதுவும் உண்மை. மூன்றாமவர்: மிசோரத்தில் பெண்கள் நூறு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்து வைத்து, அதை விற்ற பணத்தில் சபை ஊழியர்களை மற்ற மாநிலங்களுக்கு அனுப்புகிறார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர். இது எனக்குப் புதிது. ஒரு மலைநாட்டுச் சபை சமவெளிக்கு மிஷனரி அனுப்புவது அரிசிப் பானையிலிருந்து நடக்கிறது.

நான் தேடியதில் நாலாவது ஒன்று. கொரியாவில் சொங்மியைக் கிறிஸ்தவர்கள் மட்டும் செய்யவில்லை. சொந்தோக்கியோ என்ற உள்ளூர் மதத்தார் 1907 வாக்கிலேயே அதை முறையாக வைத்துப் பெரிய நிதி சேர்த்தார்கள். அந்த நிதிதான் பின்னால் சுதந்திரப் போராட்டத்துக்குப் போனது. அதனால் "கடல் தாண்டி அதே பிடியரிசி" என்று நான் உருகியதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம். அரிசி சாப்பிடுகிற ஊரில் ஏழைப் பெண்ணின் கையில் நிச்சயமாக இருப்பது ஒரு பிடி அரிசி. சாமி எதுவானாலும் அதைத்தான் கொடுப்பாள்.

பிப்ரவரி 25

"மிஷனரி வராமலே சபை வந்த நாடு உண்டா?" என்று கேட்டவருக்கு.

கொரியாவேதான், கத்தோலிக்கப் பக்கம். சீனாவுக்குத் தூது போனவர்கள் கொண்டுவந்த புத்தகங்களில் ஏசுசபைக்காரர் மத்தேயோ ரிச்சி சீனத்தில் எழுதியவையும் இருந்தன. கன்பூசிய அறிஞர்கள் சிலர் அவற்றை வைத்துக்கொண்டு வாதாடிப் படித்து நம்பிக்கைக்கு வந்தார்கள். 1784இல் யீ சுங்ஹுன் என்பவரைப் பெய்ஜிங் அனுப்பி ஞானஸ்நானம் வாங்கி வரச் செய்தார்கள். அவர் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். குருவானவர் ஒருவர்கூட இல்லை. தங்களுக்குள்ளேயே சிலரைக் குருவாக நியமித்துப் பூசையும் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் சந்தேகம் வந்து பெய்ஜிங்குக்கு எழுதிக் கேட்க, "அப்படியெல்லாம் செய்யக் கூடாது" என்று பதில் வந்தது. நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பத்து வருடம் கழித்துத்தான் முதல் குரு வந்தார், அவரும் சீனர்.

அடி எங்கே விழுந்தது என்றால் திவசத்தில். முன்னோருக்குப் பெயர்ப்பலகை வைத்துப் படைக்கக் கூடாது என்று ரோம் சொல்லியிருந்தது. 1791இல் யுன் ஜிசுங் என்பவர் பலகையை எரித்தார். அம்மா இறந்தபோது அந்தச் சடங்கைச் செய்யவில்லை. தலை போயிற்று. 1801, 1839, 1846, 1866 என்று அலை அலையாகக் கொலை. ஆயிரக்கணக்கில். அவர்களில் 103 பேருக்கு 1984இல் இரண்டாம் யோவான் பவுல் சியோலுக்கே வந்து புனிதர் பட்டம் கொடுத்தார். இதில் கசப்பானது என்னவென்றால், 1939இல் அதே ரோம் "முன்னோர் மரியாதை வெறும் குடிமரபு, செய்யலாம்" என்று சொல்லிவிட்டது. நூற்றைம்பது வருடம் முந்திச் சொல்லியிருந்தால் யுன் ஜிசுங் வீட்டில் படுத்துச் செத்திருப்பார்.

பிராட்டஸ்டண்டுகள் இன்றும் படையல் வைப்பதில்லை. சுசோக் என்ற அறுவடைப் பண்டிகை அன்று குவன்சானிம் வீட்டில் கணவர் போட்டோவுக்கு முன் ஒரு பாட்டு, ஒரு வேத பாகம், ஒரு ஜெபம். அப்புறம் அவருக்குப் பிடித்த பதார்த்தங்கள் எல்லாம் மேஜைக்கு வரும். படையல் இல்லையாம். "நாங்கள் சாப்பிடத்தான்" என்பார். எங்கள் ஆச்சியும் தாத்தா நினைவு நாளில் முந்திரிக்கொத்து சுட்டுவிட்டு இதையேதான் சொல்வாள்.

பிப்ரவரி 25, பிற்பகல்

"ஆயிரக்கணக்கில்" என்பதற்கு எண் கேட்கிறார்கள். 1866இல் தொடங்கிய அலைக்கு மட்டும் எட்டாயிரம் வரை சொல்வார்கள். பெயர் தெரிந்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான்.

பிப்ரவரி 27

மொழி விஷயம். வேதாகமம் வந்த விதம் அரிசியைவிடச் சுவாரசியம்.

ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மஞ்சூரியாவில் இருந்தார். கொரிய எல்லைக்குள் போக அனுமதி இல்லை. எல்லை தாண்டி வந்த கொரிய வியாபாரிகளோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். 1882இல் லூக்கா, யோவான். 1887இல் புதிய ஏற்பாடு முழுதும். சொ சாங்நியூன் என்ற வியாபாரி பிரதிகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து ஊர் ஊராகக் கொடுத்தார். அண்டர்வுட் 1887இல் சியோலில் சபை தொடங்கியபோது 14 கொரியர்கள் தயாராக இருந்தார்கள். பெரும்பாலும் சொ சாங்நியூனின் உழைப்பு. அண்டர்வுட் விதைக்க வந்து அறுத்தார்.

ராஸ் எடுத்த முடிவு இரண்டு. ஒன்று, எழுத்து. அறிஞர்கள் சீன எழுத்தில்தான் எழுதுவார்கள். ஹங்குல் என்றால் பொம்பளை எழுத்து, கூலிக்காரன் எழுத்து என்று இளக்காரம். அவர் ஹங்குலிலேயே போட்டார். அடுப்படிப் பெண்கள் படித்தார்கள். இரண்டு, கடவுளுக்கு என்ன பெயர்? கத்தோலிக்கர்கள் சீனச் சொல்லில் 'சொன்ஜு' என்றார்கள், பரலோக ஆண்டவர். ராஸ் ஜனங்கள் மழை வேண்டும்போது வானத்தைப் பார்த்துக் கூப்பிடும் பெயரையே எடுத்துக்கொண்டார், 'ஹனனிம்'.

நம் கதையும் இதுதான். சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று நாம் முந்நூறு வருடமாக மாற்றிக்கொண்டே இருக்கிறோம். 1995இல் திருவிவிலியம் 'கடவுள்' என்று போட்டதற்கு எங்கள் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. சித்தப்பா அதைக் கையில் எடுக்க மாட்டார்.

மார்ச் 1

இன்று இங்கே விடுமுறை. 1919 மார்ச் 1 சுதந்திரப் பிரகடனத்தின் நாள். கையெழுத்துப் போட்ட 33 பேரில் 16 பேர் பிராட்டஸ்டண்டுகள், 15 பேர் சொந்தோக்கியோ (அரிசிக்காரர்கள்!), 2 பேர் பௌத்தர்கள். அன்று நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். அந்த ஏப்ரலில் ஜேயம்ரி கிராமத்தில் ஜப்பான் சிப்பாய்கள் ஆண்களை ஆலயத்துக்குள் கூப்பிட்டு அடைத்துச் சுட்டுத் தீ வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இந்தியாவில் கிறிஸ்தவம் ஆட்சி செய்தவனின் மதம் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. இங்கே ஆட்சி செய்தவன் ஜப்பான்காரன், அவன் மதம் ஜப்பானின் பழைய ஷிண்டோ. மிஷனரி வேறு நாட்டான். தேசபக்தியும் சபையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. கொரிய வளர்ச்சிக்கு அரிசியைவிட இதுதான் பெரிய காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

உடனே எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். 1938இல் பிரஸ்பிடேரியன் என்ற பிராட்டஸ்டண்டுப் பிரிவின் பொதுச்சபை கூடி, ஷிண்டோ கோயிலில் வணங்குவது மதச்சடங்கு ஆகாது, செய்யலாம் என்று தீர்மானம் போட்டது. போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது போட்ட தீர்மானம்தான். ஆனாலும் போட்டார்கள். மறுத்த ஜு கிசொல் பாஸ்டர் 1944இல் பியோங்யாங் சிறையில் இறந்தார். சொந்த அரிசி, சொந்த நிர்வாகம் எல்லாம் இருந்தும் தீர்மானம் நிறைவேறியது. இதை இங்கே ஒரு மூப்பரிடம் கேட்டபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 4, விடிகாலை 6.10

இப்போதுதான் விடியற்கால ஜெபத்திலிருந்து வந்தேன். ஐந்து மணிக்கு. தினமும்! ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், லெந்து நாள் என்பதால் குவன்சானிம் கதவைத் தட்டிவிட்டார். தப்ப வழியில்லை.

1907 ஜனவரி, பியோங்யாங். எழுப்புதல் என்று சொல்கிறோமே, அதன் கொரியத் தலைவாசல். ஆயிரத்துக்கும் மேல் ஆண்கள் கூடியிருந்த கூட்டத்தில் கில் சொன்ஜு என்ற மூப்பர் எழுந்தார். "நண்பர் சாகும்போது சொத்தை என்னிடம் ஒப்படைத்தார், நான் அதில் பணம் எடுத்துக்கொண்டேன்" என்று எல்லோர் முன்பும் சொன்னார். மறுநாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து அழுதிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பது, 'தோங்சோங் கிதோ', அப்போதுதான் பிரபலமானது. முதல்முறை கேட்டபோது ஏதோ விபத்து என்று நினைத்து வாசலைப் பார்த்தேன்.

அதே வருடம் முதல் ஏழு கொரியப் பாஸ்டர்கள் அபிஷேகம் பெற்றார்கள். ஒருவர் கில் சொன்ஜு. இன்னொருவர் யீ கிபுங், இளவயதில் மிஷனரி மேல் கல்லெறிந்தவர். அவரை ஜெஜு தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜனங்கள் அவர் மேல் கல்லெறிந்தார்கள் என்று இங்கே பிரசங்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். 1913இல் சீனாவின் ஷாண்டோங்குக்கு மூன்று பேர். நாட்டையே ஜப்பான் விழுங்கி மூன்று வருடம் ஆன நேரம் அது. நெவியஸ் வந்த ஊருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், கவனித்தீர்களா?

தூக்கம் வருகிறது. எட்டு மணிக்கு வேலை.

மார்ச் 10

கில் சொன்ஜு பற்றி எழுதிய பிறகு ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் வட்டாரச் சபைகளில், கமிட்டித் தேர்தல், இரண்டு அணி, ஆலயத்துக்குப் பூட்டு, போலீஸ். எழுப்புதல் கூட்டமும் அடுத்த வாரம் உண்டாம். வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 12

எடின்பரோ 1910 பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். சரி.

உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் நம் வெள்ளாளன்விளை அசரியா ஒருவர். 35 வயது. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்று தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிய சங்கம். பத்து வருடம் கழித்து ஷாண்டோங்குக்குப் போன கொரியர்கள் செய்தது இதைத்தான். மாநாட்டில் எழுந்து, உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். நிறைய வெள்ளைக்காரர்களுக்கு முகம் சுருங்கியது. மிஷனரி வீட்டில் இந்திய ஊழியரை ஒரு வாய்ச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாத காலம் அது.

அதே கூட்டத்தில் கொரியாவிலிருந்து யுன் சிஹோ இருந்தார். அமெரிக்காவில் படித்தவர், தேசியவாதி. ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் ஜப்பான் அரசு பொய்ச் சதி வழக்கில் பிடித்து உள்ளே போட்டது. 1915இல் வெளியே வந்தார். பிற்காலத்தில் ஜப்பானுக்கே ஒத்துழைத்தார். இங்கே அவர் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயர், முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். இரண்டு பேரும் எடின்பரோவில் ஒரு டீ குடித்திருப்பார்களா என்று யோசிப்பேன்.

1910இல் உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஐரோப்பாவில். நூறு வருடம் கழித்து 2010இல் நாலில் ஒருவர். சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் 1910இல் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை, 2010இல் நூற்றுக்கு 24. மாநாட்டில் ஆப்பிரிக்காவை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஆசியா விழித்துவிடும் என்றுதான் பேசினார்கள். ஆசியாவில் கொரியா போன்ற சில இடங்கள் தவிர அவர்கள் கணக்குத் தப்பு.

மார்ச் 17

"சரி, இப்போது ஏன் தேய்கிறது?" என்று அண்ணாச்சி திரும்ப வந்துவிட்டார்.

சியோலின் யோய்டோ சபையிலிருந்து சொல்ல வேண்டும். 1958இல் சோ யோங்கி ஐந்து பேரோடு ஆரம்பித்து, ஒரு கிழிந்த கூடாரத்தில் நடத்தினார். அறுபதுகளில் வேலை மிகுந்து சரிந்து விழுந்தார். ஆண் மூப்பர்கள் பொறுப்பேற்கத் தயங்க, வீட்டு ஜெபக்குழுக்களைப் பெண்களிடம் கொடுத்தார். கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்து மில்லிலும் சந்தையிலும் வேலை பார்த்த ஜனங்களை அந்தப் பெண்கள்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய சபை ஆனது, ஏழு லட்சம் பேர் என்றார்கள். சரீர சுகம், செழிப்பு, ஆசீர்வாதம் என்ற பிரசங்கம், வேகமாக வளர்ந்த நாட்டோடு சேர்ந்து ஓடியது. 2014இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மகன் வைத்திருந்த பங்குகளைச் சபை அதிக விலைக்கு வாங்கியதில் ஏறத்தாழ 1,300 கோடி வோன் நஷ்டம். 2021இல் இறந்தார்.

அப்புறம் வாரிசு. மியோங்சோங் என்று சியோலில் பெரிய பிரஸ்பிடேரியன் சபை. 2013இல் அந்தப் பிரிவின் பொதுச்சபை, அப்பாவுக்குப் பின் மகன் பாஸ்டர் ஆகக் கூடாது என்று சட்டம் போட்டது. 2017இல் மகன் வந்தார். சண்டை நடந்து, 2019இல் பொதுச்சபையே வழிவிட்டது. பிடியரிசி போட்ட பாட்டிகளை யார் கேட்டார்கள்? நம் ஊரிலும் தனிச் சபைகளில் இதுதான் நடக்கிறது, எனக்குச் சிரிக்க உரிமை இல்லை.

இளைஞர்கள் 'கேதோக்கியோ' என்கிறார்கள். கிறிஸ்தவத்துக்கு 'கிதோக்கியோ', முன்னால் ஓர் எழுத்தை மாற்றினால் நாய் மதம். கேட்கக் காது கூசுகிறது.

இன்னொரு சொல்லைத்தான் நான் ரசிப்பேன், 'கானான் விசுவாசி'. கொரிய உச்சரிப்பில் கா-நா-ஆன். திருப்பிப் போட்டால் ஆன்-நா-கா, 'போக மாட்டேன்'. நம்பிக்கை உண்டு, ஆலயத்துக்கு வருவதில்லை. குவன்சானிம்மின் மூத்த மகன் ஒரு கானான்காரர். விடுமுறைக்கு வந்தபோது மாடியில் என்னோடு உட்கார்ந்து காபி குடித்தார். "அம்மா கரண்டி கரண்டியாகப் போட்டாள். அவர்கள் பார்க்கிங் கட்டினார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மார்ச் 18

தேய்கிறது என்று நானும் ஒத்துக்கொண்டதுபோல எழுதிவிட்டேன். எண்ணைப் பார்த்தால் குழப்பம். 2015 கணக்கெடுப்பில் பிராட்டஸ்டண்டுகள் 19.7 சதவீதம், கத்தோலிக்கர் 7.9, பௌத்தர் 15.5. முதல்முறையாகப் பிராட்டஸ்டண்டுகள் நாட்டின் பெரிய மதம். சபைத் தலைவர்களே நம்பவில்லை, ஏனென்றால் பெஞ்சுகள் காலி. கணக்கெடுப்புக்காரரிடம் கானான்காரர்களும் "கிறிஸ்தவன்" என்றுதான் சொல்வார்கள். ஷின்சொன்ஜி போன்ற, மற்றச் சபைகள் ஏற்காத கூட்டத்தாரும் அதே பெட்டியில் டிக் அடிப்பார்கள். 2020இல் தேகுவில் கோவிட் பரவியதே அவர்கள் கூடுகையில்தான். அதற்கான வசவு எல்லாச் சபைகளுக்கும் விழுந்தது.

மதமே இல்லை என்றவர்கள் 56.1 சதவீதம். நான் பார்ப்பது இதைத்தான். என் குழுவில் பன்னிரண்டு பேர், ஒன்பது பேருக்கு எதுவும் இல்லை.

மார்ச் 24

மிஷனரிகளைப் பற்றி எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கொரியா இன்று இருபதாயிரத்துக்கும் மேல் மிஷனரிகளை வெளிநாடுகளில் வைத்திருக்கிறது. 2007 ஜூலையில் பூந்தாங் ஊர்ச் சபையிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குச் சேவைக்குப் போன 23 பேரைத் தாலிபான் பிடித்தது. காபூல்–காந்தகார் சாலையில், பஸ்ஸில். இரண்டு ஆண்களைக் கொன்றார்கள், ஒருவர் பாஸ்டர். மற்ற 21 பேர் ஆகஸ்டு கடைசிக்குள் வெளியே வந்தார்கள். நாடு அழும் என்று நினைப்பீர்கள். திட்டித் தீர்த்தது. கிளம்பும் முன் விமான நிலையத்தில், பயணம் வேண்டாம் என்ற அரசு எச்சரிக்கைப் பலகைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ எல்லா இடத்திலும் ஓடியது. சபை மன்னிப்புக் கேட்டது. இறந்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போனவர்கள் இல்லாமல் கொரியச் சபையே இல்லை. எல்லை தாண்டிப் புத்தகம் சுமந்த சொ சாங்நியூன் செய்ததும் சட்டவிரோதம்தான். ஆனால் அவர் தன் மொழி பேசுகிறவர்களிடம், தன் ஊருக்குப் போனார்.

சொந்தக் கதை ஒன்று. பக்கத்து மேஜைக்காரர் (எத்தியோப்பியப் பையன் போட்டோ) சபையோடு பத்து நாள் தமிழ்நாடு போய்வந்தார். ஆசையாகப் போட்டோ காட்டினார். பலூனில் நாய்க்குட்டி செய்கிறார்கள், பிள்ளைகள் முகத்தில் பட்டாம்பூச்சி வரைகிறார்கள், தேக்வாண்டோ காட்டுகிறார்கள். பின்னால் ஓர் ஆலயம். கல்லைப் பார்த்தேன், கட்டிய வருடம் 18 என்று தொடங்குகிறது! "இந்த ஊரில் நற்செய்தி கேட்காதவர்கள் நிறைய" என்றார். ஐயா, அந்த ஊரில் ஐந்து தலைமுறை ஆகிவிட்டது, உங்கள் நாட்டில் அண்டர்வுட் இறங்கும் முன்பே அங்கே மணி அடித்தது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் லீவு எடுத்து, சொந்தப் பணத்தில் போயிருக்கிறார். நாள் காணிக்கை.

மிஷனரியிடம் கேட்டு நம்பியவர்களின் பேரன் காலத்தில் கொரியர்களும் வெள்ளைக்காரர் மாதிரிதான் போட்டோ எடுக்கிறார்கள் என்று அன்று இரவு எரிச்சலாக இருந்தது. அப்புறம் நம் ஆட்கள் வடக்கே போய் எடுத்த போட்டோக்களும் ஞாபகம் வந்தன. எங்கள் ஆலய நோட்டீஸ் போர்டில் சின்ன வயதில் பார்த்தவை. மலைஜாதிப் பிள்ளைகள், நடுவில் வேட்டி கட்டிய எங்கள் ஊழியர். அந்தப் பிள்ளைகளின் பெயரை யாரும் எழுதியதில்லை.

போட்டோ காட்டியவரை அடுத்த வாரம் சாப்பிடக் கூப்பிட்டேன். சாம்பார். மூன்று முறை வாங்கிக்கொண்டார். "இந்தியாவில் பத்து நாளும் எங்களுக்கு கொரியச் சமையல்காரர் வந்திருந்தார்" என்றார். அசரியா நினைவு வந்தது, வேறென்ன.

மார்ச் 31, ஈஸ்டர், மாலை

அண்ணாச்சிக்குக் கடைசிப் பதில் கேட்கிறார்கள். பணம் நின்ற பிறகும் இந்தச் சபை நின்றுபோகவில்லை, அது நிச்சயம். சொந்தப் பணம் கூடிய பிறகுதான் நோய் வந்தது என்றும் நினைக்கிறேன். முதல் நாள் போட்ட சண்டை வேறு, இப்போது என் மனதில் இருப்பது வேறு. அதற்கு மேல் இழுக்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்று நடந்ததைச் சொல்லி விடுகிறேன். சபையில் சொங்மியை இப்போது பெரும்பாலும் பேங்க் மூலம் அனுப்பிவிடுகிறார்கள், காணிக்கைச் சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. துணிப்பை கொண்டு வருவது குவன்சானிம்மும் இன்னும் நாலைந்து பாட்டிகளும்தான். அந்த அரிசி ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் போகும். லெந்து நாற்பது நாளும் நானும் ஒரு டப்பாவில் பிடி பிடியாகப் போட்டு வைத்தேன், ஆச்சியை நினைத்து. கையில் இருந்தது பொன்னி. அதைத்தான் நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று ஆராதனை முடிந்து எல்லோருக்கும் கலர் முட்டை கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கலகலப்பு. சமையல்கட்டுப் பாட்டிகள் என் அரிசியைத் தங்கள் அரிசியோடு கலந்து வைத்திருக்கிறார்கள். பாதிச் சோறு உருண்டையாக ஒட்டிக்கொண்டு வருகிறது, மீதி பொலபொலவென்று குச்சியிலிருந்து உதிர்கிறது. தலைமைப் பாட்டி கரண்டியோடு வெளியே வந்து, "இந்தப் பிடிவாதக்கார அரிசியை யார் போட்டது?" என்று கேட்டார். குவன்சானிம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கு மட்டும் குச்சியை வாங்கிக்கொண்டு ஸ்பூன் கொடுத்தார்கள்.